இழப்பீட்டு விசாரணைக்கு இரு கண்கள் வேண்டும்

சில ஆண்டுகளுக்கு முன் நாம் கான்பூர்க் கிளை ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, ஓர் இழப்பீட்டு வழக்கு தொடர்பாக எமது கிளைக்கு அழைப்பாணை வந்தது. சரக்கு லாரியின் மேலேறித் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த சுமைத் தொழிலாளி ஒருவர் தவறி விழுந்து இறந்திருந்தார். அவருடைய சேமிப்புக் கணக்குத் தொடக்கப் படிவத்தையும் ஓராண்டுக் கணக்கு அறிக்கையையும் இழப்பீட்டு ஆணையர் கேட்டிருந்தார். வங்கிக்கு அன்றாடம் வரும் கடிதங்களுள் ஒன்றாகவே அதை எடுத்துக்கொண்டோம். சான்றிட்ட படிகளுடன் ஆணையர் முன் சென்ற பிறகுதான், அந்த இரண்டு தாள்களும் இரண்டு வெவ்வேறு பொய்களை வெளிப்படுத்துவதை அறிந்தோம்.

கோரிக்கை மனுவில் இறந்தவரின் வயது 35 என்று எழுதப்பட்டிருந்தது. எமது படிவத்தின்படி அவருக்கு வயது 40. லாரி உரிமையாளர் தாக்கல் செய்த ஊதியப் பதிவேட்டில் மாத ஊதியம் ரூ.8,000 என்று இருந்தது. எமது கணக்கு அறிக்கையிலோ அதே உரிமையாளரின் கணக்கிலிருந்து வாரந்தோறும் ரூ.3,500 வரவு வந்திருந்தது. மாதக் கணக்கில் அது ரூ.15,000-ஐச் சற்றே தாண்டும். முதல் பொய், மனு எழுதிக்கொடுத்த இடைத்தரகர் செய்தது. கைரேகை வைத்த மனைவிக்கு அது தெரியவே தெரியாது. இரண்டாவது பொய், காப்பீட்டுப் பிரீமியத்தைக் குறைப்பதற்காக உரிமையாளர் முன்னரே செய்துவைத்தது. இருவருமே எமது கிளையின் வாடிக்கையாளர்கள். ஆகவே, தொடர்புடையோர் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியே இங்கு எழுதுகிறோம்.

காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய விசாரணையாளர் முதல் பொய்யைச் சில நாட்களிலேயே கண்டுபிடித்துவிட்டார். "மோசடிக் கோரிக்கை" என்று அறிக்கையும் தந்துவிட்டார். இரண்டாவது பொய்யை அவர் தேடவில்லை. தேடுமாறு அவரிடம் யாரும் சொல்லவுமில்லை.

இந்த இரு பொய்களையும் எடை போட்டுப் பார்ப்போம். இறப்புக்கான இழப்பீடு, மாத ஊதியத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்கிக் கணக்கிடப்படுவது. கணக்கில் கொள்ளும் ஊதியத்துக்கு 2020 ஜனவரியில் ரூ.15,000 என உச்சவரம்பு அறிவிக்கப்பட்டது. 35 வயதுக்குரிய காரணி 197.06, 40 வயதுக்குரியது 184.17. உண்மை வயதையும் உண்மை ஊதியத்தையும் கொண்டால் குடும்பத்துக்குச் சேர வேண்டியது ரூ.13,81,275. வயதில் ஐந்தைக் குறைத்தால் அது ரூ.14,77,950 ஆகும். ஆக, இடைத்தரகரின் பொய்யால் கூடுதலாக வரக்கூடியது ரூ.96,675. ஊதியத்தை ரூ.8,000 என்று கொண்டாலோ, சேர வேண்டிய தொகை ரூ.7,36,680 ஆகச் சுருங்கிவிடும். உரிமையாளரின் பொய்யால் குடும்பம் இழக்கக்கூடியது ரூ.6,44,595. இரண்டாவது பொய் முதல் பொய்யைவிட ஆறரை மடங்குக்கும் மேல் பெரியது. ஆயினும் "மோசடி" என்ற சொல் முதல் பொய்யின் மீது மட்டுமே விழுந்தது.

இழப்பீட்டுக் கோரிக்கைகளில் மோசடி இல்லை என்று நாம் வாதிட வரவில்லை. மோசடி உண்டு, அதை விசாரித்தே ஆகவேண்டும். ஆனால், கேட்டவர் பக்கத்தை மட்டும் பார்க்கும் விசாரணை பாதி விசாரணையே. முதல் பொய் அகப்பட்டதும் அதோடு நின்றுவிடுவது நேர்மையான விசாரணையும் ஆகாது.

சட்டம் தரும் உரிமை

பணியிடத்தில் காயமுற்றவருக்கு இழப்பீடு என்பது கருணைக் கொடை அன்று. 1923ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அதை உரிமையாக்கியது. 2010 முதல் அச்சட்டம் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று வழங்கப்பட்டது. விபத்து பணியின் காரணமாகவும் பணியின் போக்கிலும் நேர்ந்ததா என்பதே அதன் மையக் கேள்வி. முதலாளி தவறு செய்தார் என்பதைத் தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

அடுத்து வந்தது 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம். 1952 பிப்ரவரி 24 அன்று இதே கான்பூரில் அத்திட்டத்தை ஜவஹர்லால் நேரு தொடங்கி வைத்தார். அத்திட்டத்தில் காப்பீடு பெற்ற பணியாளருக்குரிய பயன்களை ஈ.எஸ்.ஐ. கழகம் தருகிறது, அவர் அதே காயத்துக்கு முதலாளியிடமும் இழப்பீடு கேட்க இயலாது. அத்திட்டத்துக்குள் வராத சிறு லாரி உரிமையாளரின் ஆட்களும், சிறு பட்டறைத் தொழிலாளரும் இழப்பீட்டுச் சட்டத்தையே நம்பியிருந்தனர். இவ்விரு சட்டங்களையும் உள்ளடக்கிய 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டத்தின் பெயர் மாறினாலும், ஊதியம், வயது, காயத்தின் அளவு ஆகிய மூன்றையும் கொண்டு தொகையைக் கணக்கிடும் அடிப்படை முறை மாறவில்லை. ஆகவே, பொய் நுழையும் வாயில்களும் பெரும்பாலும் அவையே.

பொய் நுழையும் வழிகள்

கோரிக்கை தரப்பில் நடக்கும் மோசடிகளைச் சில வகைகளாகப் பிரிக்கலாம். வீட்டில் வழுக்கி விழுந்த காயத்தைப் பணியிடக் காயமாகக் காட்டுவது ஒன்று. ஏற்கெனவே இருந்த பழைய எலும்பு முறிவைப் புதிய விபத்தின் கணக்கில் எழுதுவது மற்றொன்று. வயதைக் குறைப்பது, ஊதியத்தைக் கூட்டுவது, ஊனத்தின் விழுக்காட்டை உயர்த்துவது ஆகியன அடுத்த வகை. பணி உறவே இல்லாத இடத்தில் அதைப் படைப்பது எல்லாவற்றிலும் கொடியது. லாரி உரிமையாளரின் உறவினர் வேறு காரணத்தால் இறந்திருப்பார். அவர் அந்த லாரியின் ஓட்டுநராகவோ கிளீனராகவோ காகிதத்தில் மாறிவிடுவார். வாகனக் காப்பீடு ஓட்டுநர் முதலிய பணியாளருக்கான இழப்பீட்டுப் பொறுப்பையும் ஏற்பதால், இந்த வழி மோசடிக்காரர்களுக்கு வசதியாகிவிட்டது. ஒரே விபத்துக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்திலும் இழப்பீட்டு ஆணையரிடமும் தனித்தனியே மனுச் செய்வதும் நடக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாமே தவிர, இரண்டையும் பெற முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது.

இவை கற்பனை அச்சங்கள் அல்ல. உத்தரப் பிரதேசத்தில் மோட்டார் விபத்துக் கோரிக்கைகளிலும் தொழிலாளர் இழப்பீட்டுக் கோரிக்கைகளிலும் பெருமளவில் பொய்க் கோரிக்கைகள் தாக்கலாவதாகப் புகார் எழுந்தபோது, அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015இல் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க ஆணையிட்டது. அவ்விவகாரம் பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. ஐயத்துக்குரியவை என அக்குழுவிடம் வந்த கோரிக்கைகள் 1,376. அவற்றுள் 246-இல் விசாரணை முடிந்து, 166 பேர் மீது முகாந்திரம் காணப்பட்டு, 83 குற்ற வழக்குகள் பதிவாகியுள்ளன என்ற விவரம் 2021இல் அந்நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது.

இந்த எண்களில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. அந்த 166 பேருள் மனுதாரர்கள் மட்டுமல்லர், வழக்கறிஞர்கள், காவல் துறையினர், மருத்துவர்கள், காப்பீட்டு நிறுவன ஊழியர்கள், வாகன உரிமையாளர்கள், ஓட்டுநர்கள் எனப் பலரும் இருந்தனர். பொய்க் கோரிக்கையை ஓர் ஏழைக் குடும்பம் தனியே உருவாக்கிவிட முடியாது. முத்திரை வைத்திருப்பவர், கையெழுத்துக்கு மதிப்புடையவர், படிவம் நிரப்பத் தெரிந்தவர் ஆகியோர் கூடினால்தான் அது உருவாகும். இது முதற் செய்தி. ஆறு ஆண்டுகள் கழிந்தும் 1,376-இல் விசாரணை முடிந்தவை 246 மட்டுமே என்பது இரண்டாம் செய்தி. எஞ்சியவற்றுள் உண்மையான கோரிக்கைகள் எத்தனை இருந்திருக்கும்? அவையும் ஐயத்தின் நிழலிலேயே காத்துக்கிடந்திருக்கும். பொய்க் கோரிக்கையால் முதலில் பணத்தை இழப்பது காப்பீட்டு நிறுவனம் என்பது உண்மை. ஆனால், அடுத்து வரும் நேர்மையான குடும்பம் நம்பகத்தன்மையையே இழக்கிறது. அந்த இழப்புக்கு ஈடில்லை.

நல்ல விசாரணை எப்படி நடக்கும்

அனுபவமுள்ள விசாரணையாளர் முதலில் தேடுவது நேரத்தை. காயமுற்றவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நேரமும், பணியிட வருகைப் பதிவேட்டின் நேரமும், காவல் நிலையத்தில் தகவல் பதிவான நேரமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பார். அடுத்துப் பார்ப்பது, முதன்முதலில் மருத்துவரிடம் சொல்லப்பட்ட காரணம். வலியோடு வந்தவர் அவசரப் பிரிவில் சொன்னது ஒன்றாகவும், மூன்று மாதம் கழித்து மனுவில் எழுதியது வேறொன்றாகவும் இருந்தால் அங்கே கேள்வி எழும். எக்ஸ்ரே படத்தின் தேதியும், எலும்பு எந்த அளவு கூடியிருக்கிறது என்பதும் காயம் புதியதா பழையதா என்பதைக் காட்டிவிடும். வெட்டுக்காயத்தின் தன்மை அந்த இயந்திரத்தால் உண்டாகக்கூடியதுதானா என்பதை, இயந்திரத்தின் அருகில் சென்று நின்று பார்த்தால்தான் சொல்ல முடியும். மேசையிலிருந்தபடி எழுதும் அறிக்கைக்கு அந்தத் தகுதி இல்லை.

வாகனத் தொழிலாளர் வழக்குகளில் ஓட்டுநர் உரிமம், சரக்குச் சீட்டு, ஃபாஸ்டேக் பதிவு ஆகியவை பேசும். லாரி ஒரு சுங்கச்சாவடியைக் கடந்த மணித்துளியை ஃபாஸ்டேக் கணக்கு காட்டும்போது, அதே நேரத்தில் அது இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் விபத்துக்குள்ளானதாகச் சொல்ல முடியாது. வெவ்வேறு மனுக்களில் அதே சாட்சி, அதே மருத்துவர், அதே கையெழுத்து திரும்பத் திரும்ப வருகிறதா என்பதும் கவனிக்கத் தக்கது.

ஊதியத்துக்கும் வயதுக்கும் வங்கிப் பதிவேடுகள் சிறந்த சான்று. 1891ஆம் ஆண்டின் வங்கியர் பதிவேடுகள் சாட்சியச் சட்டத்தின்படி, முறையாகச் சான்றிட்ட படி, மூலப் பதிவேட்டுக்கு ஈடான சான்றாக ஏற்கப்படும். விபத்துக்குப் பல மாதங்களுக்கு முன்னரே, எவ்வித உள்நோக்கமும் இன்றிப் பதிவான வரவு அது. பின்னர் யாரும் திருத்தி எழுத இயலாதது. இங்கு வாடிக்கையாளர்களுக்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். விசாரணையாளர் என்று சொல்லிக்கொண்டு வரும் எவருக்கும் வங்கி உங்கள் கணக்கு விவரத்தைத் தராது. உங்கள் ஒப்புதலோ, சட்டப்படி அதிகாரம் பெற்றவரின் ஆணையோ இருந்தால் மட்டுமே தரும்.

விசாரணையாளர் தேடத் தேவையில்லாதவையும் உண்டு. இறந்தவர் மது அருந்தியிருந்தாரா என்று ஊரெல்லாம் கேட்டுத் திரியும் வழக்கம் இன்னும் இருக்கிறது. போதையும் பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுவதும் சில காயங்களில் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகலாம். ஆனால், இறப்பு நேர்ந்தாலோ நிரந்தர முழு ஊனம் ஏற்பட்டாலோ அவ்விலக்குகள் பொருந்தா என்று 1923ஆம் ஆண்டுச் சட்டமே கூறியது. அவ்வாறிருந்தும் துக்க வீட்டின் வாசலில் நின்று அக்கேள்வியைக் கேட்பது விசாரணை அன்று, அவமதிப்பு.

உடற்சேதத்தின் விழுக்காட்டையும் வருவாய்த் திறன் இழப்பையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வதும் பெரும் பிழை. சட்டத்தின் அட்டவணை கட்டைவிரல் முழுமையாகப் போனால் 30 விழுக்காடு என்றும், மற்ற கண் நன்றாயிருக்க ஒரு கண் போனால் 40 விழுக்காடு என்றும் வரையறுத்தது. எனினும், தொழிலைப் பார்த்தே இழப்பை அளக்க வேண்டிய வழக்குகள் உள்ளன. திரையரங்கு ஒன்றில் வேலை செய்தபோது விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், தச்சு வேலையை ஒரு கையால் செய்ய முடியாது என்பதால் அதை முழு ஊனமாகவே கொண்டது சரி என்று உச்ச நீதிமன்றம் 1975இல் தீர்ப்பளித்தது. அந்தத் தச்சர் முழு இழப்பீடு கேட்டது மிகைக் கோரிக்கை அன்று. காகிதத்தில் மிகை போலத் தெரிவதெல்லாம் மோசடி அல்ல என்பதற்கு அவ்வழக்கு நல்ல சான்று.

யாரும் தேடாத மறுபக்கம்

இனி மறுபக்கத்துக்கு வருவோம். பணியாளர் இழப்பீட்டுப் பாலிசியின் பிரீமியம், அறிவிக்கப்படும் ஆட்களின் எண்ணிக்கை, ஊதியம், வேலையின் தன்மை ஆகியவற்றைப் பொறுத்தது. இருபத்தைந்து பேர் வேலை செய்யும் இடத்தில் பத்துப் பேர் என்று அறிவிப்பது, உயரத்தில் ஏறி வேலை செய்பவரை அலுவலக உதவியாளர் என்று எழுதுவது, பாதி ஊதியத்தைப் பதிவேட்டிலும் மீதியைக் கையிலும் தருவது ஆகியவை பல இடங்களில் "எல்லோரும் செய்வதுதான்" என்ற பெயரில் நடக்கின்றன. விபத்து நடந்த பிறகு அவசர அவசரமாக அந்த ஆளின் பெயரைப் பதிவேட்டில் சேர்ப்பதும் உண்டு. ஒப்பந்ததாரரின் ஆள் என்று கைகாட்டிவிடுவது மற்றொரு தந்திரம். தம் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்ததாரர் வழியாகச் செய்வித்தாலும், முதன்மை முதலாளி இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

இவற்றுள் மிகவும் மனத்தை வருத்துவது, மருத்துவமனைப் படுக்கையருகே நடக்கும் பேரம். கையில் ஐம்பதாயிரத்தைக் கொடுத்து, "இனி எனக்கு எந்த உரிமையும் இல்லை" என்று வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிச் செல்கிறார்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் இத்தகைய ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. இறப்பு இழப்பீட்டை ஆணையரிடம் வைப்புச் செய்ய வேண்டும் என்பதே 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. குடும்பத்தின் கையில் நேரடியாகத் தந்ததை, வரம்புக்குட்பட்ட முன்பணம் தவிர, இழப்பீடாகக் கருதவே கூடாது என்றது அது. ஆனால், இந்த விதியை அறிந்த குடும்பங்கள் சிலவே.

இவையும் மோசடிதாம். இவற்றால் நட்டமடைவது தொழிலாளி மட்டுமல்லர். உண்மையான எண்ணிக்கையை அறிவித்து முழுப் பிரீமியம் செலுத்தும் நேர்மையான தொழில்முனைவோர், பொய் சொல்லும் போட்டியாளரின் சுமையையும் சேர்த்தே சுமக்கிறார்.

தாமதம் என்னும் தண்டனை

இழப்பீடு விபத்து நேர்ந்தபோதே உரியதாகிவிடுகிறது என்பதையும் அந்தத் தச்சரின் வழக்கே உறுதி செய்தது. ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு எளிய வட்டி சேரும். தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையெனில் தொகையில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம். வட்டியைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கக்கூடும். அபராதத்தை முதலாளியே தம் கையிலிருந்து செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997இல் கூறிவிட்டது. பாலிசி இருக்கிறதே என்று கவலையின்றி இருக்கும் சிறுதொழில் நண்பர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

நாம் தொடக்கத்தில் சொன்ன குடும்பத்துக்கு உரிய தொகையில் 12 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு ரூ.1,65,753. இந்த வட்டிச் சுமையைப் பார்த்தாலே தாமதம் எவருக்கும் இலாபமில்லை என்பது விளங்கும். எனினும், வட்டி எப்போதோ வரும். அரிசியும் பள்ளிக் கட்டணமும் வாடகையும் இன்றே வேண்டும்.

இதற்கு ஒரு வழி சட்டத்திலேயே இருந்தது. கோரப்பட்ட முழுத் தொகையையும் முதலாளி ஏற்காவிட்டால், தாம் ஏற்கும் அளவுக்குரிய தொகையை உடனே இடைக்கால வைப்பாகச் செலுத்த வேண்டும். அந்தச் சுமைத் தொழிலாளியின் வழக்கில் உரிமையாளரின் பதிவேட்டின்படியே பார்த்தாலும் ரூ.7,36,680 பற்றி எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. விபத்து உண்மை, பணியும் உண்மை. அத்தொகையை முதல் மாதத்திலேயே வைப்புச் செய்துவிட்டு, வயதைப் பற்றியும் ஊதியத்தைப் பற்றியும் எத்தனை மாதம் வேண்டுமானாலும் விசாரித்திருக்கலாம். அவ்வாறு நடக்கவில்லை. "மோசடி" என்ற ஒரு சொல் கோப்பின் மேலுறையில் ஏறியதும் எல்லாமே நின்றுபோயின.

எனவே, நாம் வலியுறுத்துவன மூன்று. விசாரணை அறிக்கையில் "கூடுதலாகக் கேட்கப்பட்டது எவ்வளவு" என்ற கேள்விக்கு எதிரே "குறைவாகக் காட்டப்பட்டது எவ்வளவு" என்ற கேள்விக்கும் விடை இருக்க வேண்டும். கருத்து வேறுபாடில்லாத தொகை விசாரணைக்குக் காத்திராமல் வைப்பாக வேண்டும். ஆவணத்தைத் திருத்தியவர் யாரோ அவர் மீதே குற்ற நடவடிக்கை பாய வேண்டும். கைரேகை வைத்த பாவத்துக்காக ஒரு குடும்பத்தின் உண்மையான உரிமை முழுவதும் கரைந்துபோகக் கூடாது.

வாடிக்கையாளர்கள் செய்யக்கூடியவை

தொழில் நடத்தும் வாடிக்கையாளர்கள் ஊதியம் முழுவதையும் வங்கிக் கணக்கு வழியாகவே தருவது அவர்களுக்கே பாதுகாப்பு. பொய்க் கோரிக்கை வந்தால் "இவர் எம்மிடம் பணிபுரியவில்லை" என்பதை நிறுவ ஒழுங்கான ஊதியக் கணக்கைவிட வலுவான கேடயம் இல்லை. ஆள் சேர்ந்தாலும் விலகினாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விபத்து நேர்ந்த அன்றே இடத்தையும் இயந்திரத்தையும் படமெடுத்து, உடனிருந்தோர் கூறுவதைத் தேதியிட்டு எழுதிவையுங்கள். உயிரிழப்பையும் கடுங்காயத்தையும் உரிய அலுவலருக்குக் காலத்தில் அறிவியுங்கள். மறைக்க முயன்ற விபத்துதான் பின்னர் ஐயத்துக்குரிய விபத்தாக மாறுகிறது.

ஊதியம் பெறும் வாடிக்கையாளர்கள் தம் பிறந்த தேதி ஆதாரிலும் வங்கியிலும் பணியிடப் பதிவிலும் ஒன்றாகவே இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கையில் ரொக்கமாகப் பெற்றாலும் அதை எழுத்தில் குறிக்கச் சொல்லுங்கள். காயம் பட்டால் மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். முதலாளி சொல்லச் சொன்னதை அன்று. உங்கள் வேலை, ஊதியம், காப்பீடு பற்றிய விவரங்களை வீட்டில் ஒருவரேனும் அறிந்திருக்கட்டும். கோரிக்கை மனு செய்ய இரண்டாண்டுக் காலம் உண்டு என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இடைத்தரகர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. "எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன், வருவதில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு" என்று வருபவரிடம் பாஸ்புத்தகத்தையோ ஏ.டி.எம். அட்டையையோ கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையோ தராதீர்கள். அவர் மனுவில் எழுதும் ஒவ்வொரு பொய்க்கும் சட்டத்தின் கண்ணில் கையெழுத்திட்டவரே பொறுப்பாளி. மனுவை வேறொருவரைக் கொண்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கைரேகை வையுங்கள்.

அந்த வழக்கில் இறுதியில் உண்மை வயதையும் உண்மை ஊதியத்தையும் கொண்டே தொகை தீர்மானிக்கப்பட்டது. அதற்கு இரண்டரை ஆண்டுகள் ஆயின. பிள்ளைகளின் பங்கை அவர்கள் வயதுக்கு வரும் வரை நிரந்தர வைப்பில் இடுமாறு ஆணையர் பணித்தார். தாயின் பங்கு அவருடைய கணக்கில் வரவான சில நாட்களில், நிரப்பப்பட்ட பணம் எடுக்கும் படிவத்துடன் அந்த இடைத்தரகர் அவரை எமது முகப்புக்கு அழைத்து வந்தார். வழக்கத்துக்கு மாறான பெருந்தொகை என்பதால் அம்மையாரைத் தனியே அமரச் செய்து பேசினோம். கணக்கில் எவ்வளவு வந்திருக்கிறது என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. படிவத்தில் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்பதும் தெரியவில்லை. தொகையைச் சொன்னபோது நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு அந்தப் படிவத்தைத் தாமே கிழித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கணவர் இறந்தபோது மூத்த மகனுக்கு வயது பதினான்கு. அந்த இரண்டரை ஆண்டுகளில் அவன் பஞ்சர் ஒட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பணம் வந்த பிறகு அவனை மீண்டும் பள்ளியில் சேர்க்கலாமே என்று அவரிடம் சொன்னோம். கேட்டுப் பார்த்ததாகவும், தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு உட்கார அவன் மறுத்துவிட்டதாகவும் அவர் சொன்னார்.